கடல் என்று பெயர் போட்ட ரேக்

கோயம்புத்தூர் கணபதியில், மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றுகிற கடைகளும் லேத் பட்டறைகளும் நெருக்கியடித்து நிற்கிற ஒரு சந்தில், கடலையே பார்த்திராத ஐந்து இரும்பு நண்டுகள் ஒரு புரட்டாசி மாதம் முழுக்க அலைமேல் நிற்பதுபோல ஆடிக்கொண்டிருந்தன. அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று யாராவது சொன்னால் அவர் அந்த மாதம் வெளியூர் போயிருந்தார் என்று அர்த்தம், ஏனென்றால் ஊரில் இருந்தவர்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள், பார்த்தவர்கள் எல்லோரும் குனிந்து காதை வைத்துக் கேட்டார்கள், கேட்டவர்களில் ஒருவர்கூட இல்லை என்று சொல்லவில்லை.

சந்தின் கடைசியில், முன்பு கிரைண்டர் கல் கொத்திக்கொண்டிருந்த ஒரு பழைய ஷெட்டில்தான் அந்தக் கம்பெனி இருந்தது. இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் போர்டில் எழுதியிருந்தது, ஆனால் டீக்கடையிலிருந்து கூரியர் வண்டிவரைக்கும் எல்லோருக்கும் அது நண்டுக் கம்பெனி. பாதாளச் சாக்கடைக்குள் மனிதன் இறங்குவதற்குப் பதிலாக இறங்கி அடைப்பெடுக்கிற இயந்திரம் செய்தார்கள். ஆறு கால், இரண்டு கொடுக்கு, முதுகிலிருந்து மேலே வருகிற ஒரு கருப்பு கேபிள். முதலாளி சஞ்சீவுக்கு முப்பத்து நான்கு வயது, அவனையும் சேர்த்து மொத்தம் இருபத்து மூன்று பேர், அந்த இருபத்து மூன்று பேருக்கும் எந்தச் சாமான் எங்கே கிடைக்கும், எப்போது வரும், வரவில்லை என்றால் யாரைப் பிடித்து உலுக்குவது என்று தெரிந்தவள் சௌடேஸ்வரி ஒருத்திதான்.

திருகாணி லூதியானாவிலிருந்து வந்தது, பேரிங் புனேயிலிருந்து வந்தது, தண்ணீர் புகாமல் தடுக்கிற ரப்பர் கோட்டயத்திலிருந்து பஸ்ஸின் மேலே ஏறி வந்தது, வார்ப்பு அரசூரிலிருந்து சூடு ஆறாமல் வந்தது, காயில் எதிர்க்கடையில் சுற்றி ஒரு சத்தம் போட்டால் கையில் வந்தது. இப்படி இருநூற்றுப் பன்னிரண்டு சாமான் அததன் திசையிலிருந்து அததன் வேளைக்கு வந்து சேர்ந்தால்தான் ஒரு நண்டு எழுந்து நிற்கும். இருநூற்றுப் பதினொன்று வந்து ஒன்று வராவிட்டால் அது வெறும் இரும்பு. அதனால் சௌடேஸ்வரி ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது "வந்துரும்" என்று சொல்லுவாள். போனில் சொல்லுவாள், படியேறும்போது சொல்லுவாள், சாப்பிட்டுக்கொண்டே சொல்லுவாள். பாதி நாள் அவளுக்கே அது பொய் என்று தெரியும்.

அந்த வருஷம் வராமல் நின்றது ஒரு வளையம். குழந்தையின் கை வளையல் அளவுதான் இருக்கும். முட்டிக்கு ஒன்றாக ஆறு காலுக்கும் ஆறு. கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது, எவ்வளவு நீண்டிருக்கிறது என்று நண்டுக்குச் சொல்வது அந்த வளையம்தான், அது இல்லாத கால் மரத்துப்போன கால். சாக்கடைத் தண்ணீரைத் தாங்கும்படியாக அதைச் செய்கிற ஆலை கடலுக்கு அந்தப் பக்கம் ஒன்றே ஒன்று இருந்தது. பதினான்கு வாரத்தில் தருகிறோம் என்றார்கள், பிறகு இருபத்தாறு என்றார்கள், ஆலையில் யூன் என்றொரு பெண் ஒவ்வொரு தடவையும் வருத்தம் தெரிவித்து மெயில் போட்டாள். சௌடேஸ்வரி பெங்களூரில் தேடினாள், சென்னையில் தேடினாள், டெல்லியில் ஒருவன் கைவசம் இருக்கிறது என்று அனுப்பிவைத்ததை நகத்தால் சுரண்டிப் பார்த்தால் பெயின்டுக்கு அடியில் வேறொரு கம்பெனி பெயர் இருந்தது.

பக்கத்து நகராட்சி ஒன்று ஐந்து நண்டு கேட்டிருந்தது, மழைக்கு முன்னால் வேண்டும் என்று. ஆனால் சௌடேஸ்வரியைத் தூங்கவிடாமல் செய்தது நகராட்சி இல்லை, மாசிலாமணி. அவர் அந்த நகராட்சியில் காண்ட்ராக்ட்காரரிடம் அடைப்பெடுக்கிறவர், வாரத்தில் இரண்டு நாள் நண்டைச் சோதித்துப் பார்க்க இங்கே வருவார், எந்தக் குழியில் துணி சிக்கும், எந்தக் குழியில் கல் உட்காரும், எங்கே விஷக்காற்று நிற்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவருடைய டி.வி.எஸ் வண்டியின் பெட்டியில் ஒரு கயிறு எப்போதும் சுருட்டி வைத்திருக்கும். குழிக்குள் போனவனும் மேலே நிற்கிறவனும் பேசிக்கொள்ள முடியாது, கயிறுதான் பேசும்: ஒரு இழுப்பு என்றால் நிறுத்து, இரண்டு இழுப்பு என்றால் கயிறு விடு, மூன்று இழுப்பு என்றால் முடிந்தது, தூக்கு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை அந்தக் கயிற்றின் ஒரு முனையில் அவருடைய தம்பி இருந்தான், மறுமுனையில் அவர் மூன்றாவது இழுப்புக்குக் காத்திருந்தார்.

அவர் ஒரு நாள் ஸ்டோர் வாசலில் நின்று அவளைக் கேட்டார்.

"அம்மணி, அந்த வளையம் எப்ப வருமுங்?"

"ஐப்பசி மழைக்கு முன்னாடி வந்துருங்ணா."

"நிச்சயமாங்? இல்ல, ஊட்டுல சொல்லிப்போட்டேன். இந்த ஐப்பசியிலிருந்து நான் குழியில எறங்கறதில்லேன்னு. அவ சாமிக்குக் காசு முடிஞ்சு வெச்சிருக்கா."

ஐம்பது தடவை சொல்கிற சொல்தான். ஆனால் அன்றைக்கு அது அவள் வாயிலிருந்து போய் ஒருவர் வீட்டுச் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டது.

"நிச்சயமுங்ணா" என்றாள் சௌடேஸ்வரி.

ஸ்டோர்க்காரர் துரைக்கண்ணு முன்பு ஒரு பஞ்சு மில்லில் பதினெட்டு வருஷம் ஸ்டோர் பார்த்தவர், சீட்டு இல்லாமல் ஒரு குண்டூசி கொடுத்ததில்லை, சீட்டு வந்தபிறகு ஒரு குண்டூசி கொடுக்காமல் இருந்ததுமில்லை. ஆனால் சஞ்சீவ் எழுதிவைத்த கம்ப்யூட்டர் கணக்கோ, இருநூற்றுப் பன்னிரண்டும் ஸ்டோரில் இருக்கிறது என்று காட்டினால்தான் நண்டு பூட்டுகிற வேலையைத் தொடங்கவே விடும். அதனால் அந்தக் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டாகியிருந்தது: விற்கிறவன் 'சரக்கு வண்டியேறிவிட்டது' என்று மெயில் போட்ட உடனே ஸ்டோரில் வரவு வைத்துவிடுவார்கள். "ஏறுனா வந்த மாதிரிதானுங்" என்பார் துரைக்கண்ணு. வராத சாமானுக்கு யாரும் சீட்டுக் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் பூட்டுகிற பெண்களுக்குத் தலைவியான ஜெரினாவுக்கு எது நிஜமாக வந்தது, எது மெயிலில் மட்டும் வந்தது என்று அத்துப்படி.

புரட்டாசி முதல் வாரம் முப்பது வளையமும் ஒருவழியாகக் கப்பல் ஏறின. கப்பலுக்கு ஓஷன் ஜாஸ்மின் என்று பெயர், கொழும்பு வழியாகத் தூத்துக்குடிக்கு வர வேண்டியது. துரைக்கண்ணு வரவு வைத்தார். அந்த நேரம் பார்த்து ஜெரினா மூன்று நாள் தன் அக்கா மகள் கல்யாணத்துக்குப் பாலக்காடு போயிருந்தாள், பூட்டுகிற மேசையில் புதிதாக வந்த இரண்டு பெண்கள் மட்டும் இருந்தார்கள், கம்ப்யூட்டர் எல்லாம் இருக்கிறது என்று பச்சை விளக்குக் காட்டியது, சீட்டு வந்தது, சீட்டு வந்தால் கொடுத்தே தீர வேண்டும் என்பதால் துரைக்கண்ணு முப்பது சின்னத் தட்டுகளில் முப்பது பேர்ச்சீட்டை ஒட்டி, தட்டில் ஒன்றுமில்லாமல், மரியாதையாகக் கொண்டுபோய் மேசையில் வைத்தார்.

அந்தப் பெண்கள் இரண்டு பேரும் தட்டைப் பார்த்தார்கள். ஏதோ கண்ணாடியைவிட மெலிசான சாமான், நமக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை, கேட்டால் வேலைக்கு லாயக்கில்லை என்பார்கள் என்று நினைத்து ஒருத்தி தட்டிலிருந்து இடுக்கியால் அதை எடுத்தாள், இன்னொருத்தி கீழே கையை ஏந்திக்கொண்டு "மெல்லக்கா, மெல்ல, உழுந்துரப்போவுது" என்றாள், எடுத்ததை முட்டிக்குள் அதற்கான பள்ளத்தில் பதமாக வைத்து, மூடியைப் போட்டு, நான்கு திருகாணியைப் பூட்டி, சீட்டில் கையெழுத்தும் போட்டார்கள். முப்பது முட்டிக்கும் அப்படியே செய்தார்கள்.

நான்காம் நாள் காலையில் சௌடேஸ்வரி ஷெட்டுக்குள் வந்தபோது ஐந்து நண்டும் நடந்துகொண்டிருந்தன.

"இதுல வளையமே இல்லீங்ணா!" என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர்க்கடையில் காயில் சுற்றுகிறவர்கள் எழுந்து வந்தார்கள். சஞ்சீவ் ஒரு முட்டியைக் கழற்றச் சொன்னான். கழற்றினார்கள். பள்ளம் காலியாக இருந்தது. மூடினார்கள். நண்டு எழுந்து, காலை எவ்வளவு மடக்க வேண்டுமோ அவ்வளவு மடக்கி, எவ்வளவு நீட்ட வேண்டுமோ அவ்வளவு நீட்டி நடந்தது. ஒரே ஒரு குறை, நேராக நடக்காமல் இடதுபக்கம் கொஞ்சம் சாய்ந்து, ஒரு மூச்சு நின்று, வலதுபக்கம் கொஞ்சம் சாய்ந்து நடந்தது, ஐந்தும் ஒரே தாளத்தில்.

கல்யாணத்திலிருந்து கை நிறைய மருதாணியோடு திரும்பிய ஜெரினாதான் முதலில் குனிந்து முட்டியில் காதை வைத்தவள். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"ஈஸ்வரி, இங்க வா கண்ணு. இது என்ன சத்தம்னு கேளு."

சௌடேஸ்வரி கேட்டாள். இரைச்சல் வந்து, விரிந்து, உடைந்து, பின்வாங்கி, மறுபடி வந்தது. அவள் போனை எடுத்துக் கப்பல் எங்கே போகிறது என்று காட்டுகிற படத்தைப் பார்த்தாள். ஓஷன் ஜாஸ்மின் நடுக்கடலில் இருந்தது, அங்கே காற்று அதிகம் என்று போட்டிருந்தது. சாயங்காலம் காற்றுக் குறைந்தது என்று காட்டியபோது நண்டுகளின் ஆட்டமும் குறைந்திருந்தது.

வளையங்கள் கப்பலில் இருந்தபடியே இங்கே வேலை செய்துகொண்டிருந்தன. அவ்வளவுதான் விஷயம்.

சஞ்சீவ் இரண்டு நாள் வெள்ளைப் பலகையில் என்னென்னவோ எழுதினான், எழுதியதை அழித்தான், பிறகு பலகையை ஓர் ஓரமாகத் திருப்பி வைத்துவிட்டு அவனும் வந்து காதை வைத்துக் கேட்டான். ஜெரினாவுக்கு அவன்மேல் பாவமாக இருந்தது.

"எதுக்குத் தம்பி மண்டையப் போட்டு ஒடச்சுக்கறீங்க? எங்க ஊட்டுக்காரர் பதினோரு வருசமா கத்தார்ல இருக்காரு. ஊடு இங்க நடக்குது. ரெண்டு புள்ளைக படிக்குது, மாமியா மாத்திரை முழுங்குது, போன மாசம் கூரை மாத்துனோம். அவரு இங்கயா இருக்காரு?"

அதற்கு மேல் யாரும் காரணம் கேட்கவில்லை. காரணம் கேட்பதை விட்ட பிறகு செய்ய வேண்டிய வேலை நிறைய இருந்தது. துரைக்கண்ணு தன் ஸ்டோரில் ஏ, பி, சி என்று மூன்று ரேக் வைத்திருந்தார், சாமான் எங்கே இருக்கிறது என்று எழுதாமல் அவருக்குச் சோறு இறங்காது, அதனால் கம்ப்யூட்டரில் நான்காவதாக ஒரு ரேக்கைத் திறந்து அதற்குக் 'கடல்' என்று பெயர் போட்டு, வளையம் முப்பது, இருக்குமிடம் கடல் ரேக் மேல்தட்டு என்று பதிந்தார். தரம் பார்க்கிறவர் தன் தாளில், அளவு எடுக்க இயலவில்லை, வேலை திருப்தி என்று எழுதினார். காலையில் வந்து பார்த்தால் முட்டிகளைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். ஜெரினா துணியால் துடைத்து ஒரு பாட்டிலில் சேர்த்துவைத்தாள், டீக்கடைக்கார அம்மா ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்த்து "நல்ல உப்புங் சாமி" என்று பஜ்ஜிமாவுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

பிறகு சனங்கள் வர ஆரம்பித்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் லேத் பட்டறைக்காரர்கள் கிரீஸ் கையோடு வந்து வரிசையில் நின்று கேட்டார்கள், அவர்களுக்குப் பின்னால் அவர்கள் வீட்டுப் பெண்கள் வந்தார்கள், எண்பது வயதில் ஒருவர் தான் கடலைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்று இருந்ததாகச் சொல்லி, மகன் தோளைப் பிடித்து மண்டியிட்டு, காதை வைத்து, "இத்தாம்பெருசா?" என்று கேட்டுவிட்டு, அந்த ஒரு கேள்வியோடு வீட்டுக்குப் போனார். மீன் விற்கிற அம்மா ஒருத்தி கூடையை இறக்கி வைத்துக் கேட்டுவிட்டு, இது ஆழக்கடல், இங்கே மத்தி கிடைக்காது என்று தீர்ப்புச் சொன்னாள். யாரும் இரைந்து பேசவில்லை. பகலெல்லாம் சுத்தியல் சத்தம் ஓயாத அந்தச் சந்தில் ஒரு மணியிலிருந்து இரண்டு மணிவரை, கடலுக்காக, எல்லா மோட்டாரையும் நிறுத்திவைத்தார்கள்.

நகராட்சியிலிருந்து சரிபார்க்க வந்த அதிகாரி ஒவ்வொரு சாமானும் எங்கே வாங்கியது, எப்போது வந்தது என்று பட்டியலில் டிக் அடித்துக்கொண்டே வந்து வளையத்தில் நின்றார். சௌடேஸ்வரி, "நீங்களே கேட்டுப் பாருங்க சார்" என்றாள். அவர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிவிட்டுக் குனிந்தார். பத்து நிமிஷம் கழித்து எழுந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "இது எந்தக் கடலுங்க?" என்று மட்டும் கேட்டார். "இன்னிக்கு மலாக்காவுக்குப் பக்கத்துல சார்" என்றாள் அவள். அவர் அந்தக் கட்டத்தில் டிக் அடித்தார்.

கொழும்பில்தான் வம்பு வந்தது. துறைமுகத்தில் நெரிசல் என்று ஓஷன் ஜாஸ்மினை வெளியே நிறுத்திவிட்டார்கள், அன்றைக்கே ஐந்து நண்டும் நின்ற இடத்தில் நின்றுவிட்டன. செத்துப்போகவில்லை, ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவர்கள்போல ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றிக்கொண்டு, ஓர் அடி முன்னால் வைக்காமல் நின்றன. ஒரு நாள் போனது, ஐந்து நாள் போனது. சௌடேஸ்வரி கப்பல் ஏஜென்டுக்குக் காலையில் ஒரு மெயில், மத்தியானம் ஒரு மெயில், சாயங்காலம் ஒரு மெயில் போட்டாள். டீ ஆற்றுகிற அம்மா, "அம்மணி, முன்னால இன்னும் எத்தன கப்பலு நிக்குது?" என்று கேட்டாள். பதினொன்று என்றால் சந்து முழுக்கப் பதினொன்று என்று செய்தி போகும், ஒன்பது என்றால் லேத் பட்டறையில் ஒருவர் விசில் அடிப்பார்.

அதே நாட்களில் காண்ட்ராக்ட்காரர் மாசிலாமணியை நெருக்கினார். மிஷின் வருகிறபோது வரட்டும், இப்போது நீ இறங்கு என்றார். மாசிலாமணி காய்ச்சல் என்று ஒரு நாள் சொன்னார், உறவில் சாவு என்று மற்ற நாளெல்லாம் சொன்னார்.

"எட்டாவது சாவையும் சொல்லிட்டேன் அம்மணி. இனிச் சொந்தக்காரங்க யாரும் பாக்கி இல்லீங்" என்று சிரித்தார். வண்டிப்பெட்டி திறந்திருந்தது, கயிறு அதற்குள் சுருண்டு கிடந்தது. அவள் சிரிக்கவில்லை.

ஒன்பதாம் நாள் கப்பலை உள்ளே விட்டார்கள். நண்டுகள் ஒரு பெருமூச்சுப்போல ஆறு காலையும் தளர்த்தி நடக்க ஆரம்பித்தன. அன்றைக்கே ஐந்தையும் லாரியில் ஏற்றி நகராட்சிக்கு அனுப்பினார்கள், வழியனுப்பச் சந்தே வந்து நின்றது, ஐப்பசி பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது, மேற்கே வானம் கருத்திருந்தது.

மூன்றாம் நாள் விடியற்காலையில் பிடித்த மழை மத்தியானம் வரைக்கும் விடவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பெரிய சாக்கடை அடைத்துக்கொண்டது, அங்கே இருந்த வரிசை வீடுகளுக்குள் கருப்புத் தண்ணீர் ஏற ஆரம்பித்தது, சனங்கள் கட்டில்மேல் அடுப்பையும் அடுப்பின்மேல் பிள்ளைகளின் புத்தகப்பையையும் ஏற்றி வைத்துவிட்டுக் குடையில்லாமல் தெருவில் நின்றார்கள். மூன்றாம் நம்பர் நண்டு குழிக்குள் நாற்பது அடி போயிருந்தது. மாசிலாமணி கேபிளைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார், சௌடேஸ்வரி பக்கத்தில் நின்றாள். கொழும்பிலிருந்து கிளம்பிய கப்பல் அப்போது மன்னார் வளைகுடாவில் இருந்தது, அங்கேயும் இதே மழைதான், இதைவிடப் பெரிய காற்று. கேபிள் மாசிலாமணியின் கையில் கிடந்து துள்ளியது.

மூன்று மணிக்கு ஒரே தடவை வெடுக்கென்று இழுத்து, பிறகு கேபிள் தொய்ந்துபோனது.

மாசிலாமணி இழுத்துப் பார்த்தார். உயிரில்லை. சௌடேஸ்வரியின் போனில் ஒரு மெயில் வந்தது, யூன் எழுதியிருந்தாள்: புயலில் கப்பலிலிருந்து பதினோரு கன்டெய்னர் கடலில் விழுந்துவிட்டன, உங்களுடையதும் அதில் ஒன்று, மிகவும் வருந்துகிறோம், ஆர்டரை முடித்துப் பணத்தைத் திருப்பவா, மறுபடி செய்து தரட்டுமா, மறுபடி என்றால் நாற்பது வாரம் ஆகும்.

அவள் தலை நிமிர்ந்தபோது மாசிலாமணி இடுப்பில் கயிற்றைக் கட்டி முடித்திருந்தார்.

"ங்ணா, வேண்டாம்."

"தண்ணி முட்டிக்கு மேல வந்துருச்சு அம்மணி. அந்த மூணாவது ஊட்டுல ஒரு பெரியம்மா எந்திரிக்க முடியாமக் கெடக்குது. நண்டுக்கு முன்னாடியே துணிமூட்டை நிக்குது, ஒரே இழுப்பு. எறங்கி ஏற பத்து நிமிசம்." கயிற்றின் மறுமுனையை அவர் அவள் கையில் வைத்து விரல்களை மூடினார். "மூணு இழுப்பு, ஞாபகம் வெச்சுக்குங். அதுக்கு முன்ன தூக்காதீங்."

ஒரு கால் குழிக்குள் போயிருந்தது. அவளுடைய மறு கையில் போன் அடித்தது. துரைக்கண்ணு.

"அம்மணி, ஏஜென்டு எனக்கும் மெயில் போட்டிருக்கானுங். முப்பதும் போச்சாமே. போனது போச்சுன்னு எழுதோணும், அதான் மொறை. கழிச்சுடட்டுமுங்களா?"

சௌடேஸ்வரி குழியைப் பார்த்தாள். தன் பிழைப்பு முழுக்க வராத சாமான்களோடு இருந்தவள் அவள். ஒரு சாமான் வரவில்லை என்றால் அது எங்கேயோ இருக்கிறது என்றுதான் அர்த்தம் என்பது அவளுக்கு மூச்சுவிடுவதுபோலத் தெரியும், லாரிமேல் இருக்கும், குடோனில் இருக்கும், தவறான ஊரில் தவறான ஆள் மேசையில் இருக்கும், எங்கேயும் இல்லாமல் ஒரு சாமான் இருந்ததே இல்லை.

"கழிக்காதீங்ணா" என்றாள். "தொலஞ்சாத்தானே கழிக்கோணும்? எங்க இருக்குதுன்னு நமக்குத் தெரியுமே. எடம் மாறியிருக்குது, அவ்வளவுதான்."

அந்தப் பக்கம் துரைக்கண்ணு நாற்காலியை இழுத்துப் போட்டார். "அப்படின்னா ரேக் மாத்தற சீட்டு போடோணும். எந்த ரேக்குக்குங்?"

"அதே ரேக்குதான். மேல்தட்டுல இருந்து அடித்தட்டுக்கு."

"கடல் ரேக், அடித்தட்டு." டைப் அடிக்கிற சத்தம் கேட்டது, நின்றது. "கையெழுத்து வேணுமே அம்மணி."

"வந்து போடறேன்."

"கையெழுத்தில்லாம நான் ஒரு சீட்டும் ஓட்டுனதில்லீங். மில்லுலயும் சரி, இங்கயும் சரி."

கயிறு அவள் கையில் நகர ஆரம்பித்தது. ஒரு முழம் போனது, இரண்டு முழம் போனது.

"துரையண்ணா" என்றாள். மழைச் சத்தம் மட்டும் போன் வழியாகக் கணபதிக்குப் போய்க்கொண்டிருந்தது.

"போட்டாச்சுங்" என்றார் துரைக்கண்ணு.

கேபிள் நிமிர்ந்தது. முன்புபோலத் துள்ளவில்லை, ஆடவில்லை. மெதுவாக, கனமாக, மேலே எத்தனையோ ஆள் உயரத் தண்ணீரைச் சுமந்துகொண்டு அடியில் மணலில் நடக்கிற ஒன்றின் நடையில், ஓர் அடி, இன்னோர் அடி என்று உள்ளே போனது. குழிக்குள் மார்பு வரைக்கும் இறங்கியிருந்த மாசிலாமணி தன் தோளை உரசிக்கொண்டு அது போவதைப் பார்த்து அப்படியே நின்றார். அந்த நண்டு முழங்கால் தண்ணீருக்குச் செய்தது, முழுகினால் நின்றுவிடும் என்று சஞ்சீவே எழுதிவைத்திருந்தான். அது முழுகிப் போயிற்று. கேபிள் இரண்டு அடி போனது, மூன்று அடி போனது, பிறகு பூமிக்கு அடியில் யாரோ பெரிய கதவைத் திறந்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. தெருவில் நின்ற தண்ணீர் ஒரு நிமிஷம் யோசித்தது. அப்புறம் வீடுகளின் வாசற்படி ஒவ்வொன்றாக வெளியே தெரிய ஆரம்பித்தது. யாரும் கை தட்டவில்லை. கட்டில்மேல் இருந்த அடுப்பைக்கூட யாரும் இறக்கவில்லை, எல்லோரும் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாசிலாமணி மேலே ஏறிவந்து கேபிளைக் கையில் எடுத்தார். காத்திருந்தார். சௌடேஸ்வரி அவர் முகத்தைப் பார்க்காமல் கேபிளைப் பார்த்தாள்.

ஒரு இழுப்பு.

இன்னொரு இழுப்பு.

அப்படி இழுக்க அந்த நண்டுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, சஞ்சீவ் நண்டுக்கு எழுதிய புரோகிராமில் அப்படி ஒரு வரி கிடையாது. மழை அவருடைய மீசையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவர் மூச்சு விடவில்லை, இரண்டு வருஷமாகவே விடவில்லையோ என்று அவளுக்குத் தோன்றியது.

மூன்றாவது இழுப்பு வந்தது.

"வந்துட்டானுங் அம்மணி" என்றார் மாசிலாமணி. குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "தூக்குங். தூக்கச் சொல்றான்."

தெருவே வந்து கேபிளைப் பிடித்தது. நண்டு கருப்புச் சேறு வழிய மேலே வந்தது, கொடுக்கில் துணிமூட்டை இருந்தது, ஆனால் ஆறு முட்டிகளும் அப்போதுதான் கழுவிவைத்ததுபோலச் சுத்தமாக, இடுக்கெல்லாம் வெள்ளை மணலாக இருந்தன. ஒரு பெண் குனிந்து காதை வைத்துவிட்டுச் சத்தமே இல்லையே என்றாள். அவளை விலக்கிவிட்டு இன்னொருவர் கேட்டார். சத்தம் இல்லாமல் இல்லை, அது அவ்வளவு ஆழம் என்றார். ஒவ்வொருவராகக் கேட்டார்கள், கேட்டவர்கள் எழுந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுச் சேற்றில் வெறுங்காலோடு நின்றார்கள்.

மறுநாள் காலை சௌடேஸ்வரி ஸ்டோருக்குப் போய் முதல் வேலையாக அந்தச் சீட்டில் கையெழுத்துப் போட்டாள். பிறகு உட்கார்ந்து யூனுக்குப் பதில் எழுதினாள். பணம் திருப்ப வேண்டாம், மறுபடி செய்யவும் வேண்டாம், முப்பது வளையமும் வந்து சேர்ந்தன, ஒன்றிலும் பழுதில்லை, நன்றி.

மாசிலாமணி பத்து மணிக்கு வந்தார். டி.வி.எஸ் பெட்டியைத் திறந்து கயிற்றை எடுத்து ஸ்டோர் ஜன்னலில் வைத்தார்.

"இத வெச்சுக்குங் துரையண்ணா."

துரைக்கண்ணு கயிற்றை நீட்டி அளந்தார். வரவுச் சீட்டு எழுதினார்: கயிறு ஒன்று, நாற்பத்து ஐந்து அடி, பழையது. யாருக்குக் கொடுக்க வேண்டியது என்கிற கட்டத்தில் வந்து பேனா நின்றது, அவர் நிமிர்ந்து மாசிலாமணியைப் பார்த்தார், குனிந்து, யாருக்கும் இல்லை என்று எழுதி, ஏ ரேக்கின் உச்சித்தட்டில், ஏணி போடாமல் எட்டாத இடத்தில் அதை ஏற்றி வைத்தார்.

அதற்குப் பிறகு நண்டுக் கம்பெனி எவ்வளவோ நண்டு செய்தது. அவற்றின் வளையமெல்லாம் ஒழுங்காகக் கப்பலில் வந்து, லாரியில் வந்து, தட்டில் வந்து, முட்டிக்குள் போய் உட்கார்ந்தன, நன்றாகவே நடக்கின்றன, காதை வைத்தால் மோட்டார்தான் கேட்கும். சஞ்சீவ் யாருக்கும் சொல்லாமல் ஒரு தடவை காலித் தட்டை வைத்துப் பூட்டிப் பார்த்தான். அது இரும்பாகக் கிடந்தது, ஜெரினாவிடம் திட்டும் வாங்கினான். அந்த ஐந்து மட்டும் அந்த நகராட்சியில் இன்னும் ஆழக்கடல் நடை நடந்துகொண்டிருக்கின்றன, கேபிளைப் பிடிக்க மாசிலாமணி இருக்கிறார். போய்க் கேட்க விரும்புகிறவர்கள் வெயில் நாளாகப் பார்த்துப் போகலாம். மழை நாளில் போனால் நகராட்சிக் கொட்டகை காலியாக இருக்கும்; அவை வேலைக்குப் போயிருக்கும்.